அந்தப் பதினோரு விநாடி

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், அவருடைய முழங்கால்தான் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. உனக்கு இருமல் விட்டதா?

நம் குடும்பக் குழுவில் நீ போட்ட பதினோரு விநாடி வீடியோவைப் பற்றிப் போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால் எழுதுகிறேன். குழந்தையை அடித்தவன் கையிலேயே கோர்ட் கொடுக்கிறது, பிரிந்த அப்பாவிடமும் பிள்ளையைச் சரிபாதி விடச் சொல்கிற புதுச் சட்டம் வந்தால் எல்லாப் பிள்ளைக்கும் இதே கதி என்று போட்டிருந்தாயே, அதில் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிற கை என்னுடையதுடி. குடும்ப நீதிமன்றத்தில் பிரிந்த பெற்றோர் பிள்ளையைப் பார்க்கிற அறை, நான் வேலை பார்க்கிற அதே அறை. வீடியோவில் இருக்கிற அப்பா பஸ் டிரைவர். சந்திப்பு நேரம் முடிந்ததும், அப்பாவை விட்டுப் போகமாட்டேன் என்று நாலு வயசுப் பெண் கத்தினாள், அவர் தூக்கிக்கொண்டுபோய் அவள் அம்மாவிடம் கொடுத்தார். அம்மாவிடம் கொடுக்கிற இடத்தை வெட்டிவிட்டு, அவர் அவளை இழுத்துக்கொண்டு போகிற மாதிரி ஆக்கிவிட்டார்கள். சட்டத்தை ஆதரிக்கிறவர்களும் லேசில்லை, அதே அழுகையை வைத்து அம்மாதான் கொடுமைக்காரி என்று பரப்பினார்கள்.

பயணிகள் அடையாளம் கண்டு இவன்தான் என்று கைகாட்டியதில் டிரைவரை வேலைக்கு வரவேண்டாம் என்றுவிட்டார்கள். குழந்தையின் அம்மா என்னிடம் வந்து, அக்கா, அவர் குழந்தையைத் தொட்டு அடிச்சதே இல்லைன்னு நானே எழுதிக் கொடுத்தேன், இப்ப என்னை விலைபோனவள்னு திட்டுறாங்க, இனி பாப்பாவை வெளியே கூட்டிட்டு வர பயமா இருக்கு என்றாள். அதற்குப் பிறகு பாப்பாவைக் கூட்டிக்கொண்டு வரவில்லை.

இதைவிடப் பெரியது ஒன்று நடந்தது. போன வாரம் வேறொரு பெண், கழுத்தில் விரல் பதிந்த தடத்தோடு மகனைக் கூட்டி வந்தாள். எதிர்த்தரப்பு வக்கீல் சிரித்துக்கொண்டே, இதுவும் வீடியோ கதைதானே என்றார், ஒன்றிரண்டு பேர் கூடச் சிரித்தார்கள். நான் பார்த்ததைப் பதிவேட்டில் எழுதி, நீதிபதி கூப்பிட்டபோது அதையே சொன்னேன். மருத்துவரிடம் காட்டச் சொன்னார், பையன் இப்போது பாட்டி வீட்டில் பத்திரமாக இருக்கிறான். நான் அன்று லீவு போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

நீ நல்லது நினைத்துத்தான் அனுப்பினாய், தெரியும். அழித்தால் மட்டும் போதாது கண்ணு, எங்கெங்கே போட்டாயோ அங்கெல்லாம் தப்பு என்று உன் பெயரிலேயே எழுது, நாலு பேர் கேலி செய்தாலும் பரவாயில்லை. டிரைவர் இந்தச் சனிக்கிழமையும் வந்தார். அவருடைய சந்திப்பு நேரமான மூன்றிலிருந்து நாலு மணி வரை காலி அறையில் உட்கார்ந்திருந்துவிட்டு, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

உடம்பைப் பார்த்துக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு. எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்கவேண்டும்.

உன் அம்மா