நீல மூடி

ஹோமா பே,
ஞாயிற்றுக்கிழமை

அன்புத் தங்கை அவினோவுக்கு,

அக்கா அக்குமு எழுதுவது. நீ நல்லபடியாக நைரோபி போய்ச் சேர்ந்த செய்தி கிடைத்தது. என் மகள் அபொண்டியை அடக்கம் செய்ய லீவு போட்டு வந்தாயே, அதை மறக்க மாட்டேன். ஏரித் தண்ணீர் இன்னும் வடியவில்லை. மீன் காயப்போட இடமில்லை.

நீ வேலை பார்க்கும் ஆராய்ச்சி நிலையத்தின் அறிக்கையை வாத்தியார் படித்துக் காட்டினார். பேசாத பிள்ளைகள், மற்றவர்போல் இல்லாத பிள்ளைகள் எங்கள் கரையில் ஒருவரும் இல்லையாம். பிள்ளைகளைக் கட்டிவைப்பதும் இல்லையாம். அதனால் அப்படிப்பட்ட பிள்ளைகளுக்காக இங்கே வரவிருந்த பகல்நேரக் காப்பகம் வேறு கரைக்குப் போகிறதாம். யாரைத் திட்டுவது? சொன்னதே நான்தான்.

உங்கள் டாக்டர் நஃபுலா கணக்கெடுக்க வருவதற்கு முதல் நாளே கரைத் தலைவர் மைக்கில் கத்தினார். "நாளைக்குப் பெரிய ஆளுங்க வர்றாங்க, மானத்த வாங்கிடாதீங்க!" என்றார். விருந்தாளி வந்தால் நாம் என்ன செய்வோம்? வீட்டைப் பெருக்கினேன், கோழி அடித்தேன். கயிற்றைச் சாக்குக்கு அடியில் தள்ளினேன். பதினாறு வயது மகளை நாத்தனார் வீட்டில் விட்டேன். பிள்ளைகளைக் கட்டிவைப்பதுண்டா என்று டாக்டர் கேட்டார். "நாங்க என்ன மிருகமாம்மா?" என்று சிரித்தேன்.

அபொண்டிக்குப் பேச்சு வராதே தவிர, கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். வேண்டுமென்றால் சிவப்பு சோடா மூடி, வேண்டாமென்றால் நீல மூடி. என் கையில் வைப்பாள். தினமும் நான் கயிற்றை எடுக்கும்போது நீல மூடிதான் வைத்தாள். நான் சந்தைக்குப் போக வேண்டுமே, அவினோ.

அவள் ஏரியில் தவறி விழுந்தாள் என்று உன்னிடமும் சொன்னேன். பொய். வெள்ளம் வீட்டுக்குள் வந்தபோது அவளைத் தூணில் கட்டியிருந்தேன். ஓடிவந்து கயிற்றை அறுத்துவிட்டுத்தான் ஆட்களைக் கூப்பிட்டேன். முடிச்சில் பாதியை அவளே அவிழ்த்திருந்தாள். கயிறு நனைந்ததால் மீதி இறுகிவிட்டது. அவளுக்கு அவிழ்க்கத் தெரியாது என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன்.

ஓகொலா வீட்டுக் கதவு பகலெல்லாம் வெளியே பூட்டியிருக்கிறது. உள்ளே ஒரு பிள்ளை தட்டிக்கொண்டே இருக்கிறது. டாக்டரிடம் சொல், மறுபடி வரட்டும். மைக்கில் சொல்லாமல் வரட்டும். எங்களை மட்டும் கேட்டுவிட்டுப் போக வேண்டாம். அந்தப் பிள்ளை பக்கத்தில் தரையில் ஒரு நாள் முழுக்க உட்காரட்டும். நீல மூடியை இந்த உறையில் வைத்திருக்கிறேன், அவர் கையில் கொடு.

உன் பிள்ளைகளை ஆண்டவர் காக்கட்டும். அறிக்கையைத் திருத்தினால் என் மகள் பெயரையும் சேர்க்கச் சொல். கட்டிவைத்தார்களா என்ற கேள்விக்கு நேரே, ஆமாம், அம்மா கட்டினாள் என்று எழுதட்டும்.

உன் அக்கா,
அக்குமு