கரைக்கு எடுங்கோ

ஆவணி 8, வியாழன். எர்லாங்கன்

மழை. நாளைக்கு விட்டுவிடும் என்கிறது கைபேசி. போன கிழமையும் இதையேதான் சொன்னது.

பை கட்டியாயிற்று. மழைச்சட்டைகள், டியூப் இரண்டு, பம்பு, இவருடைய கறுப்புக் கண்ணாடி, சீனிச்சம்பல் ஒரு போத்தல். மிச்ச இடம் முழுக்க இவருடைய பிடிவாதம்.

இவருக்குக் கண் நடுவில் நன்றாகத் தெரிகிறது. ஓரங்கள்தான் போய்க்கொண்டிருக்கின்றன. குழாய்க்குள்ளால் பார்க்கிற மாதிரி என்று மார்கழியில் கண் டாக்டர் விரலை வளைத்துக் காட்டினார். மருந்து இல்லை. குழாய் இன்னும் ஒடுங்குமாம், எவ்வளவு கெதியில் என்று சொல்ல முடியாதாம். எழும்பி வெளிக்கிடும் நேரம் பார்த்து, பிள்ளைக்கும் இருக்கலாம், இரத்தம் எடுத்துப் பார்த்தால் தெரியும் என்றார். கதவில் கை வைத்துக்கொண்டு கேட்டேன்.

ஒரே பிள்ளை. அபி. இருபது வயது, ஹனோவரில் படிக்கிறாள். நேரம் எடு, கண் டாக்டரிடம் டெர்மின் எடு என்று சொல்லி என் வாய் உளைந்துபோயிற்று. ஒரே பதில்: "பேந்து பாப்பம், அம்மா." எங்கள் ஆட்கள் பேந்து பாப்பம் என்றால் மாட்டேன் என்று அர்த்தம். தமிழில் அதை மட்டும் திறமாகப் படித்து வைத்திருக்கிறாள்.

வேலையில் இவருடைய ஃபோர்க்லிஃப்டைப் பறித்துப் பொதி கட்டும் மேசையில் இருத்திவிட்டார்கள். கார்ச் சாவி என்னிடம். மிச்சம் இருப்பது சைக்கிள் ஒன்றுதான். அதையும் விடுங்கோ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அல்ட்மூல் ஆற்றோடு ஓடி, அது டோனா என்கிற பெரிய ஆற்றில் போய் விழும் இடத்தைப் பார்க்க வேண்டுமாம். "பாக்கேலுமான நேரத்திலை பாத்துப்போடுவம்" என்றார்.

அபி முதலில் வரமாட்டேன் என்றவள். போன கிழமை திடீரென்று "நானும் வாறன்" என்று ரயில் ஏறி வந்துவிட்டாள். ஏன் என்று கேட்கவில்லை. வந்தாளே, அது போதும்.

ஏற்பாடு: நான் முன்னால், இவர் நடுவில், அபி கடைசியில். எதிரே எது வந்தாலும் நான் கத்த வேண்டும்.

ஆவணி 9, வெள்ளி. குன்சன்ஹவுசனில் இருந்து பாப்பன்ஹைம்

மழை விட்டது. கைபேசிக்கு ஒரு நன்றி.

ரயிலில் சைக்கிள் பெட்டி நிறைய ஆட்கள். எல்லோரும் ஜெர்மன் ஓய்வூதியக்காரர், எல்லோருக்கும் மின்சார சைக்கிள், எல்லோருக்கும் முழங்கால் தெரியும் காற்சட்டை. நாங்கள் மட்டும் மிதித்து ஓடுகிறவர்கள்.

அல்ட்மூல் பெயருக்குத்தான் ஆறு. ஓடுகிறதா நிற்கிறதா தெரியவில்லை. வாத்துகளுக்கும் அவசரம் இல்லை. இரண்டு பக்கமும் சோளம், வெட்டிய புல், தூரத்தில் வெள்ளைப் பாறை. இவர் விசில் அடித்துக்கொண்டு வந்தார். வருடக்கணக்கில் கேட்காத விசில். சந்தோஷப்படாமல், விசில் நிற்கிறதா நிற்கிறதா என்று காது கொடுத்துக்கொண்டே ஓடினேன்.

பாதை நடுவில் கார் வராமல் இருக்க இரும்புக் கம்பம் நட்டிருக்கிறார்கள். "கம்பம்!" என்று கத்தினேன். நேரே நின்றதால் தானே கண்டுவிட்டார்.

"நீர் கத்தித்தான் எனக்குப் பயம் வருது."

"அப்ப கத்தாமல் விடட்டோ?"

"இல்லை, கத்தும். கொஞ்சம் மெல்லமாக் கத்தும்."

மத்தியானம் ஆற்றோரம் உட்கார ஒரு மரவாங்கு. பாணும் சீனிச்சம்பலும். அபியின் இடப்பக்கம், அவள் பார்க்காத நேரத்தில், தண்ணீர்ப் போத்தலை வைத்தேன். காண்கிறாளா என்று பார்க்க. கேவலமான வேலை. பெற்ற பிள்ளைக்குப் பொறி வைக்கிறேன். திரும்பாமலே கையை நீட்டி எடுத்துக் குடித்தாள். எனக்கு ஊரில் உள்ள கோயில்களுக்கெல்லாம் நேர்த்தி வைக்க வேண்டும் போல் இருந்தது.

இரவுச் சாப்பாடு தோட்டத்து மேசையில். பரிமாற வந்த பெண் அபியின் பக்கவாட்டில் தட்டை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். அபி வாங்கவில்லை. அந்தப் பெண் "பிட்டே", இந்தாருங்கள், என்றாள். பிறகு இன்னும் ஒருதரம். அதற்குப் பிறகுதான் அபி திடுக்கிட்டுத் திரும்பினாள்.

"ஸொறி. யோசினையிலை இருந்தனான்."

இருக்கலாம். இருபது வயதில் யோசனைக்கா பஞ்சம்.

தங்குமிடத்து வீட்டுக்கார அம்மா சாவி தரும்போது: "நீங்கள் அதிர்ஷ்டசாலிகள், நாளைக்கு முழுநாளும் வெயில்."

ஆவணி 10, சனி. ஆஸ்பத்திரி விறாந்தை

எழுதாமல் இருக்க முடியவில்லை.

காலை நன்றாகத்தான் இருந்தது. வீட்டுக்கார அம்மா சொன்ன வெயில். சோல்ன்ஹோஃபன் தாண்டினால் ஆற்றுக்கு மேலே வரிசையாகப் பாறைகள், பன்னிரண்டு அப்போஸ்தலர் என்று பெயர். இவர் சைக்கிளை விட்டு இறங்கி, தலையைத் திருப்பித் திருப்பி ஒவ்வொன்றாக எண்ணினார். முழுவதும் ஒரே பார்வைக்குள் அடங்காது இவருக்கு. பாதியில் விட்டுவிட்டு "காணும், இவ்வளவு போதும்" என்றார்.

அதற்குப் பிறகு பாதை ஒடுக்கம், கல் வேறு. இடப்பக்கம் ஆறு. வலப்பக்கம் சோளம். நான் நல்ல தூரம் முன்னால். வளைவில் எதிரே ஒரு பெண், அவள் சைக்கிளின் பின்னால் பிள்ளையை இருத்தி இழுக்கும் வண்டில். என்னைக் கடந்து போனாள். திரும்பிப் பார்த்தால் இவர் சில்லுக்கு முன்னால் உள்ள கல்லைப் பார்த்துக்கொண்டு நடுப்பாதையில் வருகிறார். குழாய்க்குள் கல் மட்டும்தான்.

"இஞ்சேருங்கோ! கரை! கரைக்கு எடுங்கோ!"

கரை என்றால் ஓரம். இந்த நாட்டில் ஓரம் என்றால் வலப்பக்கம். முப்பது வருடத்துக்கு மேல் இங்கே ஓடுகிற மனிதர், இடப்பக்கம் எடுத்தார். அந்தப் பெண்ணுக்குக் குறுக்கே, நேராக ஆற்றுக்கு.

அவள் பிரேக் பிடித்ததில் வண்டில் சரிந்துவிட்டது. இவர் சரிவால் போய்க் கல்லில் தோள் அடிபட விழுந்தார். கொஞ்சம் பொறுத்து, எல்லாம் விழுந்து முடிந்த பிறகு, அபி வந்து சரிந்து கிடந்த வண்டிலில் மோதி அவளும் விழுந்தாள்.

பிள்ளை வண்டிலுக்குள் பட்டியில் தொங்கிக்கொண்டு வீரிட்டது. ஒரு கீறல் இல்லை. ஒரு கீறல் இல்லை. இதை இன்னும் நூறு தரம் எழுதலாம்.

அந்தப் பெண் கத்தினாள்: "அந்த ஆளுக்குக் கண் இல்லையா?"

"இல்லை" என்றேன்.

அவள் பிள்ளையைத் தூக்கி எடுத்தாள். பிறகு அவளும் இருந்து அழுதாள். ஆம்புலன்ஸுக்கு எடுத்தவளும் அவள்தான்.

எனக்கு ஆத்திரம் எல்லாம் அபியில் போய் முடிந்தது. "அவ்வளவு பின்னாலை வந்தனீ! எல்லாம் விழுந்து கிடக்குது, அதுக்கு மேலை கொண்டுவந்து ஏத்துறாய். கண்ணை எங்கை வைச்சிருந்தனீ?"

அவள் முழங்காலில் இரத்தம். துடைக்கவும் இல்லை.

இவருக்குத் தோள்பட்டை எலும்பு உடைந்திருக்கிறது. கையைக் கழுத்தில் தொங்கவிட்டிருக்கிறார்கள். ஊசி போட்டும் முனகுகிறார்.

"நீர்தானே கரை எண்டனீர்."

"கரை எண்டா வலம்தானே!"

"ஊரிலை, சாவகச்சேரி ரோட்டிலை பஸ் வந்தா எந்தப் பக்கம் எடுக்கிறனாங்கள்? இடம். கரை எண்டு கேட்டோடனை கை தானா எடுத்திட்டுது. யோசிக்க ஏலாமப் போச்சு. ஆத்தங்கரையும் அந்தப் பக்கம்தானே இருந்தது."

வீட்டுக்குள் ஜெர்மன் கதைக்கக்கூடாது என்று அபி பிறந்த நாளில் சட்டம் போட்டவள் நான். சாப்பாட்டு மேசையில் ஒரு "யா" வந்தாலும் ஓம் என்று சொல்லு என்று நிற்பேன். இன்றைக்கு வலம் என்பதற்கு ரெக்ட்ஸ் என்று ஒரு ஜெர்மன் சொல் கத்தியிருந்தால் இந்த எலும்பு முழுதாக இருந்திருக்கும்.

ஆவணி 11, ஞாயிறு. ஐக்ஷ்டெட்

வெயில் கொளுத்துகிறது. ஆஸ்பத்திரிக்குக் கிட்ட ஒரு அறை. யன்னலால் ஆறு தெரிகிறது. திரைச்சீலையை இழுத்துவிட்டேன்.

சீனிச்சம்பல் போத்தல் பைக்குள் உடைந்து, மழைச்சட்டை எல்லாம் சம்பல். குளியலறையில் இருந்து கழுவினேன். போத்தல் துண்டு விரலில் ஏறியது. ஒரு வேலை இருந்தது நல்லது.

பின்னேரம் இவர், கூரையைப் பார்த்துக்கொண்டு: "சைக்கிளை வித்துப்போடும்."

"முதல்லை கை சுகப்படட்டும்."

"கைக்காகச் சொல்லேல்லை. அந்த வண்டிலுக்கை இருந்தது ஒரு பிள்ளை."

குப்பை வாளியை வெளியே வைக்கச் சொல்கிற குரலில் சொன்னார். இந்த வார்த்தை இவர் வாயால் வர வேண்டும் என்று மார்கழியில் இருந்து காத்திருந்தேன். வந்ததும் ஆஸ்பத்திரிக் கழிவறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். டோனா இன்னும் இரண்டு நாள் ஓட்டம்தான். பார்க்காமலே திரும்பப் போகிறார்.

அபி தகப்பனுக்கு யோகட் தீத்தினாள். கரண்டியை நேரே, நடுவில், கண்ணுக்கு முன்னால் பிடித்துக் காட்டிவிட்டுத்தான் வாய்க்குக் கொண்டுபோகிறாள். நான் அப்படிச் செய்ய யோசித்ததே இல்லை. நல்ல பிள்ளை. நேற்று ஏசியதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்கவில்லை.

ஆவணி 12, திங்கள். ட்ரொய்ட்லிங்கன், ரயில் மேடை

நியூர்ன்பெர்க் ரயிலுக்குக் காத்திருப்பு. மூன்று சைக்கிள். இவருடையதன் முன்சில்லு நெளிந்து கிடக்கிறது. இவர் வாங்கில், கண்ணை மூடிக்கொண்டு. அபி பக்கத்தில்.

வந்த ரயில் அதே பள்ளத்தாக்கால்தான் வந்தது. சனிக்கிழமை காலை முழுக்க மிதித்த பாதையை ஒரு தேநீர் குடிக்கிற நேரத்தில் திருப்பி விழுங்கிவிட்டது. இவர் மருந்து மயக்கத்தில் நித்திரை. நானும் அபியும் சைக்கிள் பக்கத்தில் மடக்குக் கதிரையில். அந்தச் சோளத்தோட்டம் வந்தது, போனது. பாறைகளும் போயின.

அப்போதுதான் சொன்னாள். "அம்மா, இனிமேல் கரை எண்டு கத்தாதேங்கோ. ரெக்ட்ஸ் எண்டு கத்துங்கோ."

"இனி ஆருக்குக் கத்துறது? அப்பா சைக்கிளை விக்கச் சொல்லிப்போட்டார்."

"எனக்கு."

"உனக்கேன் நான் கத்தோணும்?"

முழங்கால் பிளாஸ்டரின் விளிம்பைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"வைகாசியிலை டெர்மினுக்குப் போயிட்டு வந்தனான். தனிய. அப்பாவுக்கு இப்ப சொல்லாதேங்கோ." பிளாஸ்டரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். "கண்ணை எங்கை வைச்சிருந்தனீ எண்டு கேட்டனீங்கள். அப்பா விழுந்ததைக் கண்டனான். அப்பாவைத்தான் பாத்துக்கொண்டு வந்தனான். பக்கத்திலை வண்டில் கிடந்ததைக் காணேல்லை, அம்மா."

கையைப் பிடித்தேன்.

ஒலிபெருக்கியில் அறிவிப்பு: ட்ரொய்ட்லிங்கன், இறங்கும் பக்கம் ரெக்ட்ஸ்.

இவரைத் தட்டி எழுப்பினேன். "ரெக்ட்ஸ்" என்றேன், இரண்டு பேருக்கும் கேட்கிற மாதிரி.