பூசை வேட்டியும் தெற்கு யன்னலும்

மே 2, 1963. வியாழன்

புழுக்கம். இலை அசையவில்லை. சிரட்டையில் வைத்த உப்பு தண்ணீராய்ப் போயிற்று. நெருப்புப் பெட்டியும் ஈரம், அடுப்பு மூட்டுவதற்குள் சீவன் போய்விட்டது.

விடிய கௌரிக்குத் திரும்பவும் மூச்சு முட்டு. எட்டு வயதுப் பிள்ளை, கிணற்றடி மட்டும் நடந்தாலே நெஞ்சு இழுக்கிறது. வள்ளத்தில் ஊர்காவற்றுறைக்குக் கொண்டு போனோம். டொக்டர் நாடி பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார், "வீட்டுக்குள்ள புகையோ, ஈரமோ?"

இரண்டும் என்றேன்.

"முதல்ல வீட்டைக் காய வையுங்கோ. ஏலாட்டி பிள்ளையை வேற இடத்தில விடுங்கோ."

இவர் வீடு வந்ததும் வராததுமாகப் பரணிலிருந்து றங்குப்பெட்டியை இறக்கினார். யாழ்ப்பாணத்தில் இருக்கிற தன் தமக்கை வீட்டுக்கு அனுப்பப் போகிறாராம். வாற கிழமை சனி மச்சாள் வந்து கூட்டிக்கொண்டு போவா. "அங்கை காத்தோட்டமான வீடு. இஞ்சை கிடந்து பிள்ளை ஏன் அந்தரப்படவேணும்?"

அனுப்ப மாட்டேன். வருத்தம் வீட்டுக்கென்றால் வீட்டுக்கு வைத்தியம்.

மே 3. வெள்ளி

செய்தவை:
தெற்கு யன்னல். கௌரி படுக்கிற அறையில், போன சோளகக் காற்றுக்கு உப்பும் மண்ணும் அடிக்குதென்று இவர் ஆணி அடித்து வைத்தது. பாக்குவெட்டியால் நெம்பிக் கழற்றினேன். பாக்குவெட்டி போச்சு. யன்னல் திறந்தது.
குசினிக் கூரையில் இரண்டு ஓடு தள்ளி, புகை போக வழி.
ஈரத் தேங்காய்ப் பொச்சுமட்டை இனி அடுப்புக்கு இல்லை.
கௌ. கட்டிலுக்குக் கீழே பனங்கிழங்கு ஒடியல் போட்ட கடகப்பெட்டி. மூடியைத் திறந்தால் பச்சைப் பூஞ்சணம், ஐயோ! பழுதானதை எறிந்துவிட்டு மிச்சம் முற்றத்து வெயிலில்.
அந்திக்குச் சாம்பிராணி விறாந்தையோடு சரி, அறைக்குள் வேண்டாம்.

கடைசியாகச் சொன்னதற்கு இவர் முகம் சுருங்கியது. "பிராமண வீட்டில வெள்ளிக்கிழமை சாம்பிராணி இல்லையோ?"

"விறாந்தையில நிண்டு மணந்து பாருங்கோ."

வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு குரல்: "ஐயரம்மா வீட்டைப் பிரிக்கிறா, விசர் பிடிச்சிட்டுதோ?" பிடித்ததுதான்.

மே 5. ஞாயிறு

விடிய மறுபடியும் இழுவை. ஆடாதோடைக் கசாயம், முதுகு தடவல், எல்லாம் செய்தும் ஒரு மணித்தியாலம். பிள்ளை அழவும் மூச்சில்லாமல் என்னைப் பார்த்தது.

காலமை பார்த்தால் தெற்கு யன்னல் சாத்திக் கிடந்தது. யார் சாத்தினது என்று கேட்க எனக்குத் தேவையில்லை. இவர் கோயிலுக்குப் போய்விட்டார். றங்குப்பெட்டிக்குள் கௌரியின் சட்டை இரண்டு மடித்து வைத்திருந்தது.

எடுத்து வெளியே வைத்தேன்.

மே 7. செவ்வாய்

மத்தியானம். கௌ. படுக்கிற இடத்தில் நானே படுத்துப் பார்த்தேன். அங்கே என்னதான் இருக்கிறது?

நெற்றியில் ஒரு சொட்டு.

நிமிர்ந்து பார்த்தேன். கூரை வளையில் கட்டித் தொங்கும் மூங்கிலில் இவருடைய பூசை வேட்டிகள். காலை தோய்ந்தது, உச்சிக்குத் தோய்ந்தது, நேற்று அந்தியில் தோய்ந்தது. யாரும் தொடக்கூடாதென்று தடியால் தூக்கிப் போட்டு, காகம் வரக்கூடாதென்று யன்னலையும் சாத்தி. மூன்றும் ஈரம். மேல் சுவர் முழுக்கக் கறுப்புப் பூஞ்சணம். கலியாணம் முடித்து வந்த நாள் முதல் அந்த மூங்கிலை நான் நிமிர்ந்து பார்த்ததே கிடையாது. பிள்ளைக்குக் குளிர் படாத அறை என்று பாய் போட்டது நான்தான்!

இவர் வந்ததும் சொன்னேன். "இஞ்சருங்கோ, இனி வேட்டி வெளியில காயட்டும்."

"என்ன கதை கதைக்கிறீர்? வெளியில போட்டா காகம் தொடும், நாய் தொடும். அதைக் கட்டிக்கொண்டு மூலஸ்தானத்துக்குப் போறதோ?"

"உங்கட வேட்டி அம்மனுக்குத் தெரியுமெண்டா, பிள்ளை இழுக்கிறது மட்டும் கேக்காதோ?"

கத்திவிட்டேன். இவரிடம் இப்படிக் கத்தினது இதுதான் முதல். இவர் சாப்பிடாமல் எழும்பிப் போனார். நானும் சாப்பிடவில்லை. சொன்னதைத் திருப்பி எடுக்கவும் இல்லை.

மே 8. புதன்

கிணற்றடியில் ஏதோ சத்தம். எட்டிப் பார்த்தேன். இவர் பூவரசிலிருந்து கிணற்றுத் துலாக்கால் வரைக்கும் கயிறு கட்டுகிறார், உயரமாய். ஈர வேட்டியைத் தடியால் தூக்கிப் போட்டுவிட்டுக் கதிரை இழுத்துக்கொண்டு போய்க் கீழே குந்திவிட்டார். கையில் தடி. ஒரு காகம் வந்தது, எழும்பி ஓடினார். கௌ. சிரித்தாள்.

என்னோடு பேச்சில்லை. பரவாயில்லை.

அறைச் சுவருக்குச் சுண்ணாம்பு நானே அடித்தேன். கை எரிகிறது.

மே 10. வெள்ளி

சோளகம் எழும்பிவிட்டது. யன்னலால் மண்ணும் வருகிறது, கூட்டினால் போகும். விடிய இழுவை இல்லை. நேற்றும் இல்லை. நம்பப் பயம்.

மே 11. சனி

காலமை நல்ல காற்று. வேட்டி கயிற்றை விட்டுப் பறந்து வேலிப் பக்கம் போனது. இவர் எழும்புவதற்குள் கௌ. ஓடினாள். ஓடினாள்! வேலி மட்டும் ஓடி, எட்டிப் பிடித்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். பிறகுதான் விளங்கியது போல. முகம் வெளுத்தது.

"அப்பா, தொட்டிட்டன்."

இவர் கிட்டப் போனார். வேட்டியைப் பார்க்கவில்லை. குனிந்து பிள்ளையின் முதுகில் காதை வைத்தார். கனநேரம் அப்படியே.

"இழுவை இல்லையப்பா," என்றார் என்னைப் பார்த்து. பிறகு பிள்ளையிடம், "கிணத்தடியில போடு பிள்ளை. திரும்பத் தோய்க்கலாம்."

குசினிக்குள் போய் அழுதேன். புகை இல்லாத குசினி, சாட்டுச் சொல்லவும் ஏலாது.

மத்தியான வள்ளத்தில் மச்சாள். வாசலில் நின்றபடியே, "எங்கை பிள்ளையின்ர பெட்டி?"

"அதுக்குள்ள ஒடியல் போட்டிட்டன் மச்சாள். நல்லாக் காய்ஞ்சிட்டுது. போகேக்கை கொஞ்சம் கொண்டு போங்கோ."