மாமரத்தடிப் புகை

மார்ச் 4, செவ்வாய்

மழை வரும்போல இருந்து வரவில்லை. துணியெல்லாம் உள்ளே எடுத்தாச்சு. வாங்க வேண்டியது: டயப்பர், பூண்டு, சாம்பிராணி.

ஆறு மணிக்குப் பக்கத்து வீட்டு ராஜு அங்கிள் மாவிலையைக் கூட்டி எரித்தார். நீலப் புகை, அவசரமே இல்லாமல் வேலி தாண்டி வந்து எங்கள் துணிக்கொடியில் உட்கார்ந்தது. அழகுதான். அதனால்தான் இன்னும் கூடுதல் கோபம். என் குழந்தை நிலாவுக்கு எட்டு மாதம். நாலு நாளாக மூச்சில் விசில் சத்தம்.

என் கணவர் சிவா: "நீயே போய்ச் சொல்லேன்லா."

பிரசவ வலி வந்த அன்று நீங்க வேலையில். என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினவர் அங்கிள்தானே? எந்த வாயால் சொல்வது?

மார்ச் 5, புதன்

கிளினிக். "வீட்ல சிகரெட், புகை ஏதாவது?" டாக்டர். "பக்கத்து வீட்ல இலை எரிக்கிறாங்க டாக்டர்." நெபுலைசரில் மருந்துப் புகை வைத்தார்கள். முகமூடிக்குள் வந்த மேகத்தைப் பிடிக்கக் கை நீட்டினாள் நிலா. நான் அழுதேன்.

காத்திருந்தபோது ஃபோனில் படித்தது: சட்டப்படி திறந்த வெளியில் எதையும் எரிக்கக் கூடாது. விலக்கு: சமயக் காரியம், தகனம், பார்பெக்யூ. குப்பை லோரி வராத இடமென்றால் இலை, கிளையும் எரிக்கலாம்.

எங்கள் தெருவுக்கு லோரி வருகிறது.

புகார் அனுப்பிவிட்டேன். என் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று எழுதி.

மார்ச் 7, வெள்ளி

புகாரை விசாரிக்க அங்கிள் வீட்டுக்கு ஆபிசர்கள் இரண்டு பேர் வந்தார்கள், ஒருவர் தமிழர். நான் திரைக்குப் பின்னால்.

"லோரிக்காரன் கிளையை எடுக்க மாட்டேங்கிறான், boss!"

"சின்னதா வெட்டிக் கட்டி வைங்க அங்கிள், எடுப்பான். இந்தத் தடவை வார்னிங்தான்."

"பார்பெக்யூன்னா ஓகேவா? ரெண்டு கோழிக் காலை மேல போட்டுடவா?"

எல்லாரும் சிரித்தார்கள். அவர்கள் போனபிறகு அங்கிள் குவியலுக்குத் தண்ணீர் அடித்தார். அணைந்த பிறகும் அடித்துக்கொண்டே நின்றார்.

மார்ச் 10, திங்கள்

மூன்று நாளாகப் புகை இல்லை. விசில் இருக்கிறது. மறுபடி கிளினிக்.

எடை பார்த்த நர்ஸ் நிலாவின் தலையை முகர்ந்தாள். "வாசமா இருக்காளே! சாம்பிராணியா அக்கா?"

"தினமும். குளிக்க வச்சதும்." பெருமையாகச் சொன்னேன்.

"தினமுமா?" பேனா நின்றுவிட்டது.

எனக்கு ரொம்பப் பிடித்த நேரம் அது. துண்டைக் கூடாரம்போலப் பிடித்து, உள்ளே நாங்கள் இரண்டு பேர் மட்டும், சுற்றிலும் வெள்ளை. அவள் முடி மெல்ல உலரும். அதைப் புகை என்று நினைத்ததே இல்லை. டாக்டரிடம் பொய் சொல்லவில்லை. ஞாபகமே வரவில்லை.

டாக்டர்: "எதனாலன்னு உறுதியா சொல்ல முடியாதுமா. ரெண்டு புகையும் வேண்டாம்."

மார்ச் 13, வியாழன்

காலையில் அங்கிள் வாசலில் கிளை வெட்டிக்கொண்டிருந்தார். நிலாவை இடுப்பில் வைத்துக்கொண்டு போனேன்.

"அங்கிள், புகார் கொடுத்தது நான்தான்."

கத்தி நின்றது.

"ஒரு வார்த்தை வந்து சொல்லியிருந்தா நானே நிறுத்தியிருப்பேனேமா."

சாம்பிராணிப் புகையைப் பற்றியும் சொன்னேன். அவர் குனிந்து வெட்டிய கிளைகளை அடுக்கினார். பிறகு, "இந்தக் கயிற்றைப் பிடி." ஒரு கையால் பிடித்தேன், அவர் முடிச்சுப் போட்டார். ஏழு கட்டு. ஒருமுறைகூட என் முகத்தைப் பார்க்கவில்லை.

நிலா தூங்குகிறாள். தலையில் வெறும் ஈர வாசம். விசில் இல்லை. இல்லை என்றுதான் நினைக்கிறேன். ஃபேனை நிறுத்திவிட்டுக் கேட்கிறேன்.