லைனில் உன் அப்பா

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலமாக இருக்கிறோம், உன் அப்பாவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், அதை முதலிலேயே எழுதிவிட்டேன், இனி நீ பதறாமல் உட்கார்ந்து படிக்கலாம். நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன், நம்பிக்கைதான், நீ சாப்பிடுகிற லட்சணம் எனக்குத் தெரியாதா. புயல் அடித்ததிலிருந்து போன் போட்டுப் போட்டு ஓய்ந்து போயிருப்பாய். என்ன செய்ய, நம் தெருப் பக்கத்து டவர் சாய்ந்துவிட்டது, அப்பாவின் போன் மழையில் நனைந்து ரிப்பேர்க் கடையில் கிடக்கிறது, என் போன் சார்ஜ் போட வழியில்லாமல் செத்துக் கிடந்தது. பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா போனில் சிக்னல் வந்ததும் ஓடிப்போய் எல்லாரும் நல்லா இருக்கோம் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். அம்மா எதையோ மறைக்கிறாள் என்று நீ கோபப்பட்டிருப்பாய். மறைத்தேன்தான். வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன், அடுத்தவர் போனில் அழுவதற்கும் ஒரு அளவு இருக்கிறது இல்லையா. அதனால்தான் காகிதத்தை எடுத்தேன்.

நடந்ததைச் சொல்வதற்கு முன்னால் உன் கேள்விக்குப் பதில். லைன் என்கிற வார்த்தையை நம் வீட்டில் எதற்கெல்லாம் சொல்கிறோம், யோசித்து வை அம்மா, அகராதி வேலைக்கு வேண்டும் என்று கேட்டாயே. இங்கிலீஷ்காரன் கொடுத்த வார்த்தை, கோடு என்று ஒரு அர்த்தம் இருக்கும், மிஞ்சிப் போனால் இரண்டு என்று நினைத்தேன். பாத்திரம் கழுவிக்கொண்டே யோசித்தால் முடிகிற பாடாக இல்லை. நாம் குடியிருப்பதே லைன் வீடு. காலையில் குடத்தை வைத்துக்கொண்டு நிற்பதும் லைன்தான். கோடி வீட்டுக்காரர் சோப்பு விற்க ஊர் ஊராகப் போனால் அவர் மனைவி லைனுக்குப் போயிருக்கிறார் என்கிறாள். போன வருஷம் எனக்குக் காய்ச்சல் வந்தபோது மருந்து ஏற்றக் கையில் ஊசி குத்திய நர்ஸ், லைன் போட்டாச்சு என்றாள். எனக்கு அந்தக் காய்ச்சலிலும் சிரிப்பு வந்துவிட்டது, ஏன் என்றால் லைன் போடுவது என்றால் எனக்குத் தெரிந்தது வேறு. கல்யாணத்துக்கு முன்னால் எங்கள் தெருக் கரண்டில் எந்தக் கோளாறும் இல்லாதபோதே லைன்மேனாக இருந்த உன் அப்பா ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் வீட்டு எதிர்க் கம்பத்தில் ஏறி நிற்பார், அதுதான். உங்கள் அகராதியில் இதையும் போட்டுக்கொள், என் பெயரைப் போட்டுவிடாதே. தையல்காரம்மா தன் பங்குக்கு லைனிங் துணியையும் சேர்க்கச் சொன்னாள், அது சேராது என்றால் நீயே அவளிடம் சொல்லிக்கொள், எனக்கு ரவிக்கை தைத்தாக வேண்டும்.

இன்னொரு லைன் இருக்கிறது, அதைச் சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை. உன்னை எலக்ட்ரிகல் படிக்க வைத்தபோது, தான் கம்பத்தில் ஏறினால் மகள் ஆபீசில் உட்கார்ந்து உத்தரவு போட வேண்டும் என்று உன் அப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். நீ அதை விட்டு வார்த்தைகளைத் தேடிக்கொண்டு கடல் தாண்டிப் போனதும் லைன் மாறிட்டா என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார், அதற்கப்புறம் உன்னோடு நேராகப் பேசியதே இல்லை. நீ போன் செய்தால் ஸ்பீக்கரில் போடச் சொல்லிக் கையைக் காட்டுவார், சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு ஒரு சொல் விடாமல் கேட்பார், சாப்பிட்டாளா கேள் என்று விரல்களைக் குவித்து வாய்க்குக் கொண்டுபோவார், நான் கேட்பேன். நீயும் லேசுப்பட்டவளா, அப்பாகிட்ட சொல்லும்மா என்பாய், பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிற மனுஷனுக்கு நான் திரும்பச் சொல்ல வேண்டும். பிடிவாதத்தில் அப்பனும் மகளும் ஒரே அச்சு, நடுவில் நான்தான் தேய்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அப்பா கம்பத்தில் ஏறும் முன் சப்ஸ்டேஷன் ஆபரேட்டரைக் கூப்பிட்டு லைன் கிளியர் வாங்குவது உனக்குத் தெரியும், இன்ன லைனில் கரண்டை நிறுத்துங்கள் என்று கேட்டு, நிறுத்தியாகிவிட்டது என்று பதில் வாங்குவது. வேலை முடிந்து எல்லோரும் இறங்கிய பிறகு, வாங்கிய ஆளே திரும்பக் கூப்பிட்டு ஒப்படைக்க வேண்டும், அப்புறம்தான் கரண்ட் விடுவார்கள். புயலுக்கு மறுநாள், ரோட்டு வளைவுக்குப் பக்கத்தில் பெரிய மரம் விழுந்து கம்பி அறுந்து கிடந்தது. அப்பாதான் லைன் கிளியர் வாங்கினார். மரத்துக்கு இந்தப் பக்கக் கம்பத்திலும் வளைவுக்கு அந்தப் பக்கக் கம்பத்திலும் கம்பியை மண்ணோடு இணைக்கிற எர்த் கொக்கியை மாட்டிவிட்டு, நாள் முழுக்க வேலை பார்த்து, அறுந்ததை இழுத்துக் கட்டிவிட்டு இறங்கினார்கள். சுற்றிலும் ஜனங்கள், எப்போது கரண்ட் வரும் எப்போது கரண்ட் வரும் என்று ஒரே நச்சரிப்பு. அந்தக் கூச்சலில் உன் அப்பா இந்தப் பக்கத்துக் கொக்கியைக் கழற்றினார், அந்தப் பக்கத்துக் கொக்கியை மறந்துவிட்டார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இப்படி மறந்தது இல்லையாம். திடீரென்று ஞாபகம் வந்ததும், பெரிய லைன்மேன் போய் இதை மறந்துட்டாரே என்று சிரிப்பார்கள் என்கிற வெட்கத்தில், யாரிடமும் சொல்லாமல் வளைவைச் சுற்றிப்போய்த் தனியாகக் கம்பத்தில் ஏறிவிட்டார். ரிட்டயர் ஆகப்போகிற வயதில் வெட்கத்தைப் பார்.

அவர் கூடவே எப்போதும் வேலைக்குப் போகிற நெட்டையை உனக்கு நினைவிருக்கும், நம் வாசல் நிலையில் தலையை இடித்துக்கொள்ளாமல் ஒரு நாளும் உள்ளே வராத மனுஷன். மழையில் நனையக்கூடாது என்று அப்பாவின் போனும் அவர் பையில்தான் இருந்தது, பையே நனைந்தது வேறு கதை. அப்பாவைக் காணவில்லை, டீ குடிக்கப் போயிருப்பார் என்று நினைத்துவிட்டார். ஜனங்கள் பிடுங்கியெடுக்க, அவரே ஆபரேட்டருக்குப் போன் போட்டு வேலை முடிஞ்சாச்சு, எல்லாரும் இறங்கியாச்சு, கரண்ட் விடுங்க என்று சொல்லிவிட்டார். அன்றைக்கு அங்கே டியூட்டியில் இருந்தது ஒரு அம்மா. லைன் கிளியர் வாங்கியவர் எங்கே என்று கேட்டாளாம். பக்கத்தில்தான் இருக்கிறார், அவர் சொல்லித்தான் நான் பேசுகிறேன் என்று இவர் ஒரு பொய்யைச் சேர்த்தார். அதற்கு அந்த அம்மா சொன்னதை நெட்டை அப்படியே என்னிடம் சொன்னார்: "அவர் கேட்டுத்தான் நிறுத்தினேன். அவர் குரல்ல கேட்டாத்தான் விடுவேன். பக்கத்துலதான இருக்காரு, குடுங்க போனை."

நெட்டைக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. ஊரே இருட்டில் கிடக்கிறது, இந்த அம்மா சட்டம் பேசுகிறாளே என்று திட்டிக்கொண்டே டீக்கடையில் போய்ப் பார்த்திருக்கிறார், அங்கே இல்லை. அப்படியே வளைவைத் திரும்பியிருக்கிறார். உன் அப்பா கம்பத்தின் உச்சியில், கொக்கியைக் கழற்றிவிட்டு, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். கீழே நின்ற நெட்டையைப் பார்த்து, யாருகிட்டயும் சொல்லிடாதய்யா என்று சிரித்தாராம். நெட்டை அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார்.

சாயங்காலம் இரண்டு பேரும் வீட்டுக்கு வந்தார்கள். நெட்டை நிலையில் இடித்துக்கொண்டார், தலையைத் தடவக்கூட இல்லை, கூடத்தில் நின்றபடியே என்னைப் பார்த்து அழுதார். அத்தனை பெரிய ஆள் அழுது நான் பார்த்ததில்லை. நான்தாங்க கரண்ட் விடச் சொன்னேன், நான்தாங்க சொன்னேன் என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை, புரிந்ததும் உயிர் போய் உயிர் வந்தது கண்ணு. உன் அப்பா சேறு படிந்த காலோடு உட்கார்ந்திருந்தார், நான் போய் அவர் தோளையும் கையையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன், வெட்கமில்லாமல் நெட்டை முன்னாலேயே. வெந்நீர் வை என்றார். அந்த இரண்டு வார்த்தையைக் கேட்டு எனக்கு வந்த சந்தோஷத்தை எந்த அகராதியில் நீ எழுதுவாய்.

மறுநாள் சலவைச் சட்டையாக எடுத்துப் போட்டுக்கொண்டு அந்த ஆபரேட்டரம்மாவைப் பார்க்கக் கிளம்பினார், என்னையும் கூட்டிப்போனார். வருஷக் கணக்காக இரண்டு பேரும் லைனில் பேசிக்கொண்டவர்கள், ஒருவரை ஒருவர் பார்த்தது இல்லையாம், எனக்கே அது அன்றைக்குத்தான் தெரியும். என்னைவிடக் கொஞ்சம் சின்னவள், கண்ணாடி போட்டிருந்தாள், பெரிய பெரிய மீட்டர்களுக்கு நடுவில் மரநாற்காலியில் உட்கார்ந்து சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்துகொண்டிருந்தாள். யார் வேண்டும் என்று சாதாரணமாகக் கேட்டாள். அப்பா நேற்றைய லைன் கிளியர் நான் வாங்கினதும்மா என்றார். அவ்வளவுதான், அவள் முகம் மாறிவிட்டது, குரலை வைத்து அடையாளம் கண்டுகொண்டாள். நடந்ததை நான்தான் சொன்னேன். அவள் பாத்திரத்தை மூடி வைத்தாள். பிறகு, நேற்று மேலதிகாரி இரண்டு தடவை போன் போட்டு ஏன் இன்னும் விடவில்லை என்று திட்டினார் என்றும், ஒரு நிமிஷம் விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன் என்றும் சொன்னாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது அப்பா, அங்கே இப்போது மணி என்ன இருக்கும் என்றார். எங்கே என்றேன், தெரிந்துகொண்டேதான் கேட்டேன். உன் மகள் ஊரில் என்றார். உங்களுக்கு வேண்டுமானால் நீங்களே கேளுங்கள், இனிமேல் நான் ஆள் வழியாக எதையும் சொல்கிற வேலையை விட்டுவிட்டேன் என்றேன். முறைத்தார், நானும் முறைத்தேன். ராத்திரி சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவர் தட்டைப் பார்த்துக்கொண்டே, "என்னன்னு ஆரம்பிக்கிறது?" என்று கேட்டார். சாப்பிட்டியான்னு ஆரம்பிங்க, இத்தனை நாளா கையாலே கேட்டதை வாயாலே கேளுங்க என்றேன்.

போன் ரிப்பேர் ஆகி வந்ததும் கூப்பிடலாமே என்றால், முதலில் நீ கடிதம் எழுது, முன்கூட்டிச் சொல்லாமல் சப்ளை கொடுக்கக் கூடாது என்கிறார். அவர் தொழில் புத்தி அவருக்கு. ஆகவே இது அறிவிப்பு. இந்தக் கடிதம் உன் கைக்கு வந்ததும் தையல்காரம்மா நம்பருக்கு ஒரு தகவல் போடு, அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் கூப்பிடுவார். நீயும் அன்றைக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே, அம்மாவிடம் சொல்கிறேன் என்று நழுவாதே, உன் நலத்தை உன் குரலில் அவரிடமே சொல். நான் வேண்டுமென்றே பக்கத்து வீட்டில் போய் உட்கார்ந்துகொள்வேன், கூப்பிட்டாலும் வரமாட்டேன்.

தலைக்கு எண்ணெய் வை, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ, கண்டதையும் யோசித்து மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. நீ தொட்டதெல்லாம் துலங்க வேண்டும், நோய்நொடி இல்லாமல் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும், அம்மாவின் ஆசீர்வாதம் எப்போதும் உனக்கு உண்டு. அப்பாவின் ஆசீர்வாதத்தை நான் எழுதவில்லை, அதை அவரே சொல்லட்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. போனை எடுத்ததும் உடனே பேச்சு வராது, வெறும் மூச்சுதான் கேட்கும், கட் ஆகிவிட்டது என்று நினைத்து வைத்துவிடாதே. லைனிலேயே இரு கண்ணு. அது அப்பாதான்.

இப்படிக்கு,
வயிற்றில் பால் வார்த்தது போல் இன்று நிம்மதியாகத் தூங்கப் போகும்
உன் அம்மா