ஒரே காரில் வந்த இருவர்

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம்.

இருமல் விட்டதா? நாங்கள் நலம். அம்மாவின் கையில் மட்டும் சின்னக் கட்டு, பதற வேண்டாம். நேற்று அம்மா வந்த தூதரகக் காரை லாரி இடித்துவிட்டது. டிரைவர் மாமாவுக்குக் கால் முறிந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் அம்மாவின் அரசு அட்டையைப் பார்த்ததும் உள்ளே அழைத்தார்கள். மாமாவை வராந்தாவிலேயே விட்டுவிட்டார்கள். நம் அரசு அங்கிருந்து அனுப்பியவர்களுக்குத்தான் காப்பீடாம். மாமாவும் நம் ஊர்க்காரர்தான், ஆனால் இங்கே வேலைக்குச் சேர்ந்ததால் இரண்டு நாட்டிலும் அவருக்குக் கிடையாதாம்.

"நீங்க போங்கம்மா, எனக்கு வெறும் சுளுக்குதான்" என்றார் மாமா. கால் தலையணை மாதிரி வீங்கியிருந்தது.

"சுளுக்கா? பேசாம படுங்க. இவரைப் பாக்காம நான் கையை நீட்ட மாட்டேன்!" என்று அம்மா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். பிறகுதான் டாக்டர் வந்தார். செலவுக்குப் பொறுப்பு என்று அம்மாவே கையெழுத்திட்டார். நாளை மாமாவுக்கு ஆபரேஷன்.

அங்கே தலைமை அலுவலகத்தில் மாமாவின் சிகிச்சைச் செலவுக்காகக் கேளுங்கள். அம்மாவுக்குக் கை தளர்வான ரவிக்கைகள் அனுப்புங்கள். எனக்கு நானே பின்னும் சடை கோணலாகவே வருகிறது.

மாமாவின் கட்டிலருகே இதை எழுதும்போதே அம்மாவின் மேலதிகாரி வந்தார். அம்மாவுக்கு ஆப்பிள் கொடுத்தார். மாமாவிடம் கார் சாவியை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார். அம்மா ஆப்பிள் பையை மேலதிகாரி கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பார்வை நேரம் முடிந்ததென்று நர்ஸ் விரட்டுகிறார்.

உங்கள் மகள்