குழல் தேயுமட்டும்

யூலை 6, ஞாயிறு
வெக்கை. பயத்தங்கொடியை மர்மொத் மேஞ்சிட்டுது, பூனையளவில மண்ணுக்குள்ள வளை தோண்டுற அணில் சாதி, பிஞ்சு ஒண்டும் மிச்சமில்லை. மகன் ரூபன் விடியவே துவக்கோட வெளிக்கிட்டான், ஆரோ கமக்காரன்ர சோயா வயலில மர்மொத் சுட.
"எங்கட வளவில நிக்கிறதைச் சுடன்ரா?"
"வீடுகளுக்கு நடுவில சுட்டா என்னைத்தான் பிடிப்பாங்கள், அம்மா."
மற்றவன்ர சோயாவுக்குக் காவல்.
மருமகளுக்கு ஞாயிறு வேலை. பேத்தி டொரண்டோவில. முந்தி இருந்த செயின்ட்-மிஷேலில படியால இறங்கினாலே நாலு சனம் கதைக்கும். ஆளில்லாத இந்த இல்-பிசார் தீவுக்கு என்னைக் கொண்டுவந்தவன் அவன்தான். மறக்கமாட்டன்.

யூலை 8, செவ்வாய்
மழை. நிலக்கீழ் அறையில ரூபன் துவக்குத் துடைச்சான். பக்கத்தில போய் இருந்தன். துவக்கெண்டா எனக்கு ஆகாது. ஊரில எங்கட படலையில நிண்ட ஆமிக்காரன்ர முகம் இப்பவும் கண்ணுக்குள்ள, இடப்புருவத்தில தழும்பு. எண்டாலும் போனன். வேற எங்க இவன் வாய் திறக்கிறான்?
துடைக்கிற கம்பியைக் குழலுக்குள்ள பின்பக்கத்தாலதான் விட வேணுமாம். வாய் விளிம்பில கீறல் பட்டா குறி பிசகுமாம். துணி பச்சையா வந்தா உள்ளுக்கு இன்னும் குண்டின்ர செம்பு ஒட்டியிருக்காம்.
"உந்தக் குழல் எவ்வளவு காலம் நிக்கும்?"
"பாத்துச் சுட்டா கனகாலம். வெடிமருந்து கட்டுமட்டாப் போட வேணும், இடையில ஆறவிட வேணும். கொதிக்கக் கொதிக்கச் சுட்டா உள்ளுக்கு எரிஞ்சு தேஞ்சுபோம். பேந்து குறி நிக்காது."
"தேஞ்சா?"
"குழல் மாத்துமட்டும் வீட்டிலதான்."
வீட்டிலதான். மனசில வைச்சன்.

யூலை 12, சனி
நாளைக்குக் கொண்டுபோகப் புளிச்சாதம்.
"தம்பி, மளமளவெண்டு சுட்டிட்டு வெள்ளண வா."
"ஆறவிட வேணுமெண்டு சொன்னனான் எல்லே?"
"ஆறினது காணும்."
சிரிச்சான். "என்ர குழலைக் கொல்லப் பாக்கிறியள்."
பிள்ளையாருக்குத் தேங்காய் நேத்தி வைச்சிட்டன்.

ஓகஸ்ட் 3, ஞாயிறு
குழல் போச்சு! முந்தி ஐஞ்சு வெடியும் ஒரு காசுக்குள்ள அடங்குமாம், இப்ப உள்ளங்கையளவு பரவுதாம். மூஞ்சையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான். குசினித் தொட்டிக்குள்ள தேங்காய் உடைச்சன்.

ஓகஸ்ட் 10, ஞாயிறு
வீட்டில நிண்டான். புட்டு, ஆட்டிறைச்சிக் கறி. போனில புதுக் குழல் பாத்துப் பாத்துச் சாப்பிட்டான்.
"கறி நல்லாயிருக்கு, அம்மா."
நாள் முழுக்க அவ்வளவுதான். துடைக்க ஒண்டுமில்லை, கதைக்கவும் ஒண்டுமில்லை. துவக்குத் துடைக்கேக்க இதைவிடக் கதைப்பான்.
மர்மொத் பூசணிக்கும் வந்திட்டுது. கலைக்கேல்லை.

செப்டெம்பர் 14, ஞாயிறு
குளிர் தொட்டிட்டுது. புதுக் குழல் பூட்டியாச்சு. காலமை காரில சாமான் ஏத்திக்கொண்டு நிண்டவன் வாசலுக்கு வந்தான்.
"புதுசு, அம்மா. ஒவ்வொரு வெடிக்கும் துடைச்சு, ஆறுமட்டும் சும்மா இருக்க வேணும். கதிரை ரெண்டு ஏத்தியிருக்கிறன். நீங்களும் வாறியளே?"
இவ்வளவு நாளும் கேக்காதவன்.
"நான் என்னத்துக்கு? நீ போட்டு வா."
"சரி அம்மா."
எங்கட சனத்தில ஆர் முதல் கேள்விக்கே ஓமெண்டுறது? ரெண்டாந்தரம் கேக்க வேணும். மூண்டாந்தரம் கையைப் பிடிச்சு இழுக்க வேணும். சின்னனிலேயே இஞ்ச வந்தவன். கேக்கேல்லை.
கதிரை ஒண்டை இறக்கி வைச்சிட்டுப் போயிட்டான்.